கழுவாதவர் சாலட்டிலும் கிருமி: இறைச்சி, மீன் கழுவுவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஆகஸ்டில் அமெரிக்க வேளாண் துறை ஓர் ஆய்வின் முடிவுகளை வெளியிட்டது. பச்சைக் கோழியைச் சமைக்கும் முன் கழுவினால் என்ன ஆகிறது, கழுவாவிட்டால் என்ன ஆகிறது என்று ஆட்களை அழைத்துச் சமைக்க வைத்தே பார்த்த ஆய்வு அது. அதிலிருந்து வெளியே பரவியது ஒரே வரி: கோழியைக் கழுவாதீர்கள். அந்த வரியில் தவறில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருந்தது. கோழியைக் கழுவாமலே சமைத்தவர்களில் 31 சதவீதம் பேருடைய சாலட்டிலும் கோழியின் பாக்டீரியா போய்ச் சேர்ந்திருந்தது.

கழுவலாமா, கூடாதா என்று வாதிடும் பலர் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் அந்த ஆய்வின் மையமாகப் படுகிறது. அதனால் ஆய்வை முழுதாகவே பார்க்கலாம். அப்புறம் மீன், இறால், மட்டி வகைகளுக்கு அந்தப் பாடம் எவ்வளவு பொருந்தும் என்றும் பார்க்கலாம். ஏனென்றால் கோழிக்குச் சொன்னதை அப்படியே மீனுக்கும் சொல்லிவிட முடியாது.

சமையலறையில் நடந்தது

வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்காக வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் ஆர்டிஐ இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இதைச் செய்தன. 300 பேர் கலந்துகொண்டார்கள். சோதனைக்கென்று அமைத்த சமையலறையில் ஒவ்வொருவரும் கோழித் தொடையைச் சமைத்து, கூடவே லெட்டூஸ் கீரையில் ஒரு சாலட்டும் செய்ய வேண்டும். அவர்கள் வேலை செய்த விதம் பதிவு செய்யப்பட்டது.

கோழித் தொடையில் ஆய்வாளர்கள் முன்கூட்டியே தீங்கு செய்யாத ஒரு வகை ஈ. கோலை பாக்டீரியாவைச் சேர்த்திருந்தார்கள். சமையல் முடிந்ததும் சிங்க்கிலும் சாலட்டிலும் பிற இடங்களிலும் மாதிரி எடுத்து, அந்தக் குறிப்பிட்ட வகை அங்கே இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தால் அது கோழியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், வேறு எங்கிருந்தும் வர வழியில்லை. ஒரு சமையலறையில் கிருமி எந்த வழியாக நடமாடுகிறது என்று கண்டுபிடிக்க இதைவிடத் தெளிவான முறை கிடைப்பது கடினம்.

வந்தவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், கோழியைக் கழுவ வேண்டாம் என்பது உட்பட, சில பாதுகாப்புக் குறிப்புகள் மின்னஞ்சலில் முன்கூட்டியே அனுப்பப்பட்டன. குறிப்பு கிடைக்காத குழுவில் 61 சதவீதம் பேர் கோழியைக் கழுவினார்கள். குறிப்பு கிடைத்த குழுவில் 93 சதவீதம் பேர் கழுவவில்லை. காலங்காலமாகச் செய்துவரும் ஒரு பழக்கத்தைச் சில மின்னஞ்சல்கள் இந்த அளவுக்கு மாற்றும் என்று நான் நினைத்திருக்க மாட்டேன். காரணம் புரிந்தால் மக்கள் கேட்கிறார்கள்.

இனி மாதிரிகளில் தெரிய வந்தது. கழுவியவர்களில் 60 சதவீதம் பேருடைய சிங்க்கில் கோழியின் பாக்டீரியா இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்ய முயன்ற பிறகும் 14 சதவீதம் பேருடைய சிங்க்கில் அது மிச்சமிருந்தது. கழுவியவர்களில் 26 சதவீதம் பேருடைய சாலட்டுக்கு அது பரவியிருந்தது. கழுவாதவர்களில், மேலே சொன்னபடி, 31 சதவீதம்.

26, 31 என்ற இரண்டையும் அருகருகே வைத்து, "அப்படியானால் கழுவுவதுதான் நல்லது" என்று யாராவது சொல்லலாம். அது சரியான வாசிப்பு இல்லை. இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. கழுவுவதால் சிங்க் அசுத்தமாகிறது என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டது. ஆனால் கழுவுவதை நிறுத்திவிட்டால் மட்டும் சாலட் தப்பிவிடாது. கழுவாதவர்களின் சாலட்டுக்குக் கிருமி எப்படிப் போனது? கையைச் சரியாகக் கழுவாததும், சிங்க்கும் பாத்திரங்களும் கோழி பட்டு அசுத்தமானதும்தான் காரணம் என்று வேளாண் துறையே சொன்னது.

கை கழுவுவதில் ஆட்கள் எவ்வளவு கோட்டை விடுகிறார்கள் என்பது அதற்கு முந்தைய ஆண்டே தெரிந்திருந்தது. 2018-இல் இதே துறை வெளியிட்ட ஆய்வில், கை கழுவ வேண்டிய சந்தர்ப்பங்களில் 97 சதவீதம் சரியாக நிறைவேறவில்லை. பலர் 20 விநாடி தேய்க்கவில்லை. கழுவிய ஈரக் கையைச் சுத்தமான துணியில் துடைக்காதவர்களும் உண்டு. அந்த ஆய்வில் 48 சதவீதச் சந்தர்ப்பங்களில் மசாலா டப்பாக்களுக்கும், 11 சதவீதச் சந்தர்ப்பங்களில் குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடிக்கும் கிருமி பரவியது. மசாலா டப்பாவைச் சமையல் முடிந்ததும் யார் துடைக்கிறார்கள்? அது அப்படியே அலமாரிக்குப் போய்விடும்.

தண்ணீர் ஏன் தோற்கிறது

கழுவியவர்களிடம் காரணம் கேட்டபோது வந்த பதில்களில் இரண்டு முக்கியமானவை. இறைச்சியின் மேல் இருக்கும் ரத்தமும் வழுவழுப்பும் போக வேண்டும் என்பது ஒன்று. வீட்டில் பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான பதில்கள். இறைச்சியைத் தண்ணீரில் காட்டியதும் அது பளிச்சென்று ஆகிறது, கண் திருப்தியடைகிறது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கைத் தண்ணீர் உண்மையிலேயே எடுத்துவிடுகிறது. சிக்கல் கண்ணுக்குத் தெரியாததில்தான்.

கோழித் தோல் வழவழப்பான பரப்பு போலத் தெரிந்தாலும், இறகு முளைத்த குழிகளும் மடிப்புகளும் நிறைந்தது. ஈரம் பட்டதும் தோல் சற்று ஊதுகிறது. சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அந்தக் குழிகளுக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. சில தோலின் மேலேயே உறுதியாக ஒட்டிக்கொள்கின்றன. குழாய்த் தண்ணீர் இவற்றை எடுப்பதில்லை. தளர்வாக மேலே இருப்பவை மட்டும் தண்ணீரோடு கிளம்புகின்றன. கிளம்பியவை செத்துப் போவதில்லை, இடம் மாறுகின்றன. இறைச்சியின் மேல் இருந்தபோது அவை அடுப்புக்குப் போக இருந்தன. இப்போது சிங்க்கிலும் குழாயிலும் அருகே வைத்திருந்த கீரையிலும் உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றில் எதுவும் அடுப்புக்குப் போகப்போவதில்லை.

தெறிப்பு எப்படி நடக்கிறது என்று 2022-இல் இயற்பியலாளர்கள் சிலர் தனியாக ஆராய்ந்தார்கள். அந்தக் கட்டுரை ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ் என்ற இதழில் வந்தது. குழாய் உயரத்தில் இருந்தால் தெறிப்பு கூடுகிறது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத விஷயம் இறைச்சியின் மென்மை. தண்ணீர் விழும் இடத்தில் கோழியின் பரப்பு அழுந்திச் சின்னக் குழியாகிறது. அந்தக் குழியின் விளிம்பிலிருந்து தண்ணீர் மேல்நோக்கி எகிறுகிறது. அதே வேகத்தில் கடினமான பரப்பில் விழுந்திருந்தால் தெறிக்காத தண்ணீர்கூட இங்கே தெறிக்கிறது. தெறித்த துளிகளில் பாக்டீரியா இருப்பதையும் அவர்கள் காட்டினார்கள். தட்டு கழுவும்போது தெறிக்காத சிங்க்கில், கோழியைக் கழுவும்போதும் தெறிக்காது என்று நம்பிவிட முடியாது.

சில துளிகள்தானே என்று விட்டுவிடலாமா? 1981-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வாளர் தன்னைத் தானே சோதித்த குறிப்பு ஒன்றை எழுதினார். பாலில் சுமார் 500 கேம்பைலோபாக்டர் செல்களைக் கலந்து குடித்தார். வயிற்றுப்போக்கும் வலியும் வந்தன. 500 செல்கள் என்பது ஒரு சிறு துளிக்குள் அடங்கிவிடும் அளவு. கேம்பைலோபாக்டர் தொற்று பெரும்பாலானோருக்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஆனால் சிலருக்குப் பின்னாளில் குயில்லன்-பாரே நோய் என்ற நரம்புப் பாதிப்பு வருவதற்கு அது காரணமாகிறது. குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் சாப்பிடும் வீட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எலுமிச்சைச் சாறு, வினிகர், உப்புத் தண்ணீர் ஆகியவற்றில் ஊற வைப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவைக்காகவும் வாடைக்காகவும் அவற்றைச் சேர்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. இறைச்சியின் மேல் இருக்கும் கிருமி அதனால் அழிந்துவிட்டது என்று நம்புவதுதான் தவறு. அமிலம் மேற்பரப்பில் ஓரளவு குறைக்கலாம், அவ்வளவுதான். ஊறிய தண்ணீரைச் சிங்க்கில் கொட்டும்போது அது கழுவிய தண்ணீருக்குச் சமம்.

கிருமியைக் கொல்வது சூடு. கோழியின் மிகத் தடித்த பகுதியில் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸை எட்டினால் சால்மொனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் அழிந்துவிடுகின்றன. ஆடு, மாடு, பன்றிக் கொத்துக்கறிக்கு 71 டிகிரி. கொத்தாத முழுத் துண்டான ஆடு, மாடு, பன்றி இறைச்சிக்கு 63 டிகிரியும் அதன் பிறகு 3 நிமிட ஓய்வும் போதும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. முழுத் துண்டில் பாக்டீரியா பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும். கொத்தும்போது வெளிப்புறம் உள்ளே போய்க் கலந்துவிடுகிறது. கொத்துக்கறியை அலசுவதால் எந்தப் பயனும் இல்லை என்பதும் இதிலிருந்தே புரியும்.

இறைச்சிப் பொட்டலத்தில் தேங்கும் சிவப்பு நீரைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துக் கழுவுகிறவர்கள் நிறைய. ரத்தம் வெட்டும்போதே பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. அந்தச் சிவப்பு, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர். அதை வடித்துவிட்டு, காகிதத் துணியால் ஒற்றி எடுத்து, காகிதத்தை உடனே குப்பையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இதில் சுவை சார்ந்த லாபமும் உண்டு. இறைச்சியின் மேல் ஈரம் இருக்கும் வரை அந்தப் பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, ஆவியாகிக்கொண்டே இருக்கும். பொன்னிறமாக முறுகி மணம் வர அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். கழுவிய ஈரத்தோடு சட்டியில் போட்ட இறைச்சி வறுபடாமல் வேகுவது இதனால்தான்.

கழுவியே ஆக வேண்டிய இறைச்சி

இந்த அறிவுரைகள் எல்லாம் சுத்தம் செய்து, உறையிட்டு வரும் இறைச்சியை மனதில் வைத்துச் சொன்னவை. அங்கே கழுவ வேண்டியதை வெட்டும் இடத்திலேயே கழுவிவிடுகிறார்கள். எலும்புத் தூள், இறகுக் குருத்து, மண் ஒட்டிய இறைச்சி கைக்கு வந்தால் என்ன செய்வது? அதை அப்படியே சமையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முடிந்தவரை காகிதத்தால் துடைத்தோ கத்தி முனையால் எடுத்தோ பார்க்கலாம். அதிலும் போகவில்லை என்றால், குழாயைத் திறந்து நேராகக் காட்டாமல், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து அதற்குள் இறைச்சியை மெதுவாக அமிழ்த்தி அலசலாம். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றாமல், வடிகாலுக்கு அருகே தாழ்த்திப் பிடித்து ஊற்ற வேண்டும். அலசத் தொடங்கும் முன் சிங்க்கைச் சுற்றி இருக்கும் தட்டு, கீரை, பழம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட வேண்டும்.

அதன் பிறகு சிங்க்கைச் சுத்தம் செய்வதில் ஒரு வரிசை உண்டு. முதலில் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகு கிருமிநாசினி. 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனையில்லாத ப்ளீச் போதும். கொழுப்பும் சதைத் துணுக்கும் மேலே படிந்திருக்கும்போது நேரடியாகக் கிருமிநாசினி ஊற்றினால் அதன் வலு அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். சுத்தம் செய்ய முயன்ற பிறகும் 14 சதவீதம் சிங்க்குகளில் பாக்டீரியா மிச்சமிருந்ததை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த இரண்டு படிகளையும் யாரும் சுருக்க மாட்டார்கள்.

மீனுக்கு வேறு கணக்கு

இப்போது 1950-க்குப் போக வேண்டும். ஜப்பானின் ஒசாகாவில் ஷிராசு என்ற, பாதி உலர்த்திய சின்னஞ்சிறு மீன்களைச் சாப்பிட்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தார்கள். காரணத்தைத் தேடிய சுனேசபுரோ ஃபூஜினோ என்ற ஆய்வாளர் அதுவரை யாரும் அறியாத ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். கடல் நீரில் வாழும் பாக்டீரியா. உப்பு இல்லாமல் அதால் பெருக முடியாது. வெப்பமும் உப்பும் கூடி வந்தால் சுமார் 10 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும்.

இந்தக் கிருமிக்குக் குழாயில் வரும் நல்ல தண்ணீர் எதிரி. உப்பில்லாத தண்ணீர் பட்டதும் அதன் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து அவை ஊதித் தவிக்கின்றன. அதனால்தான் ஜப்பானின் சுகாதார அமைச்சகம், கடல் மீனைச் சமைக்கும் முன் ஓடும் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொல்கிறது. கோழிக்குச் சொன்னதற்கு நேர் எதிரான அறிவுரை. இரண்டும் முரண்படவில்லை. கோழியில் இருக்கும் கிருமிக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்றும் செய்யாது. இந்தக் கடல் கிருமிக்கு அது கெடுதல் செய்யும். கழுவிய பலகையையும் சிங்க்கையும் சுத்தம் செய்ய வேண்டும் என்ற விதி மட்டும் இரண்டுக்கும் பொது.

முழு மீனுக்குக் கழுவ இன்னொரு காரணமும் இருக்கிறது. உயிருள்ள மீனின் தசைக்குள் பாக்டீரியா இருக்காது. தோலின் கோழை, செவுள், குடல் ஆகிய மூன்றும்தான் அவற்றின் இருப்பிடம். செதில் உரசி, செவுளைப் பிடுங்கி, குடலை எடுக்கும்போது இந்த மூன்றும் வயிற்றுக் குழிக்குள் சிந்துகின்றன. அங்கே குளிர்ந்த தண்ணீரை விட்டு அலசியே ஆக வேண்டும். முதுகெலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்புப் பட்டையைக் கட்டைவிரலால் கீறி எடுக்க வேண்டும். குழம்பில் கசப்பும் வாடையும் வருவதற்கு அந்தப் பட்டை ஒரு பெரிய காரணம்.

கவிச்சி வாடையின் வேதியியலும் தண்ணீருக்குச் சாதகமானது. கடல் மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்ஸைடு என்ற, மணமற்ற பொருள் இருக்கிறது. மீன் இறந்த பின் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. மூக்கில் ஏறுவது அதுதான். அது தண்ணீரில் கரையும். அதனால் மேற்பரப்பில் சேர்ந்திருக்கும் வாடை ஓர் அலசலில் குறையும். எலுமிச்சையோ வினிகரோ பட்டால் அது காற்றில் எழாத உப்பாக மாறிவிடும், வாடை இன்னும் அடங்கும். குளத்து மீனின் மண் வாடை வேறு. ஜியோஸ்மின் என்ற பொருள் தசைக்குள்ளேயே படிந்திருப்பதால் எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. அமிலம் அதை உடைக்கும் என்பதால் புளிப்பு சேர்த்துச் சமைப்பது உதவும்.

ஆனால் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்து ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற விளைவைத் தரும் பொருள் உண்டாகியிருந்தால் தண்ணீரும் உதவாது, சூடும் உதவாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு வரும். மீனை நன்றாக வேகவைத்தோமே என்று குழம்புவார்கள். பிடித்த நிமிடத்திலிருந்து ஐஸில் வைப்பது ஒன்றுதான் அதற்குத் தடுப்பு. சந்தேகம் வந்த மீனைக் கழுவிக் காப்பாற்ற முயல வேண்டாம்.

உறைய வைத்து வரும், தோலுரித்த மீன் துண்டுகளுக்குக் கழுவல் தேவையில்லை. அவை ஏற்கெனவே சுத்தம் செய்யப்பட்டவை, சதையும் மென்மையானது. தண்ணீரில் பிடித்தால் உதிரும், சுவையும் கரைந்துபோகும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து உறைநிலை நீக்கி, ஒற்றி எடுத்துச் சமைத்தால் போதும்.

இறாலில் ஓட்டை உரித்து முதுகு நரம்பை எடுத்த பிறகு ஒரு விரைவான அலசல் நல்லது. நரம்பு என்று நாம் சொல்வது அதன் குடல், அதில் மணலும் கழிவும் இருக்கும். சுத்தம் செய்த கணவாய்க்கும் அதே போல ஓர் அலசல் போதும். மட்டிகளை ஓட்டோடு ஓடும் தண்ணீரில் தூரிகையால் தேய்க்க வேண்டும். உள்ளே இருக்கும் மணலைக் கக்க வைக்க நல்ல தண்ணீரில் போட்டால் அவை செத்துவிடும். கடல் நீர் அளவுக்கு, அதாவது லிட்டருக்குச் சுமார் 30 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் வைத்தால் தாமாகவே மணலை வெளியேற்றும். தட்டினாலும் மூடாமல் வாய் திறந்தே இருக்கும் மட்டியைத் தூக்கிப் போட வேண்டும். சிப்பிகள் தண்ணீரை வடிகட்டி உண்பவை, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸ் அவற்றின் குடலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அது அசையாது. நன்றாக வேகவைப்பதே வழி.

அந்த 31 சதவீதத்துக்குத் திரும்பினால்

சாலட்டில் கிருமி கண்ட அந்தச் சமையலறைகளில் வேலையின் வரிசை மட்டும் மாறியிருந்தால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. வேகாமல் சாப்பிடப் போகும் கீரையையும் பழத்தையும் முதலில் கழுவி, நறுக்கி, மூடி, தள்ளி வைத்துவிட்டு, கடைசியாக இறைச்சியை எடுத்தால், கோழி தொட்ட கை கீரைக்குப் போகவே வாய்ப்பில்லை. சிங்க்கும் கோழி வருவதற்கு முன்பே கீரையின் வேலையை முடித்துவிடும். மசாலாவையும் எண்ணெயையும் தேவையான அளவு முன்பே கிண்ணத்தில் எடுத்து வைத்தால் டப்பாவையும் தொட வேண்டியதில்லை. கழுவலாமா வேண்டாமா என்பதில் ஒரு வீட்டுக்குள்ளேயே ஒத்துப்போகாதவர்கள்கூட இந்த வரிசையில் ஒத்துப்போகலாம், யாருடைய பழக்கத்தையும் இது குறை சொல்வதில்லை.

இறைச்சியையோ மீனையோ சட்டியில் போட்டதும் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியில் துடைத்த பிறகே கரண்டியை எடுக்க வேண்டும். அடுப்பில் ஏதாவது அடிபிடிக்கிறது என்ற அவசரத்தில் இந்த ஒன்றைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம். அதனால் இறைச்சியைக் கையில் எடுக்கும் முன்பே அடுப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டால், கை கழுவ அந்த 20 விநாடி கிடைத்துவிடும்.